கூடை நிற்காத வாசல்

யக்கா,

காலையிலிருந்து தெரு முழுக்கப் புளித்த கேழ்வரகு மாவின் வாசனை. உன் வீட்டிலிருந்துதான் முதலில் வந்தது. உன் மருமகள் பூங்கொடி இந்த முறை பெரிய அண்டாவில் கரைத்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் தையல் மெஷினில் குனிந்தால்கூட மூக்கில் ஏறுகிறது. நாளைக்கு ஆடி ஞாயிறு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். நீ போன பிறகு வருகிற முதல் ஆடி இது.

உனக்கு எழுதுவதே ஒரு கூத்துதான். உயிரோடு இருந்தபோதே என் கையெழுத்தை உன்னால் படிக்க முடியாது. ஆனால் வாய் திறந்து பேசினால், மலைக்குக் கீழேயிருந்து வந்த என்னைப் பற்றி, "கீழ்நாட்டுக்காரி சுவத்தாண்ட பேசினு கீறா" என்று நாளைக்கே ஒரு கதை கிளம்பும். அதனால் எழுதுகிறேன். உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதை முடிக்காமல் நீ போய்விட்டாய்.

வியாழக்கிழமை கூழுக்குத் தானியம் வாங்க வந்தார்கள். உனக்குத் தெரியாததா? முன்னால் பம்பை, பின்னால் பெண்கள் கூடையோடு. வாசல் வாசலாக நின்று, அந்தந்த வீட்டுக்காரி முறத்தில் கொண்டுவந்து போடுகிற கேழ்வரகையோ சாமையையோ வாங்கிக்கொண்டு, அவள் நெற்றியில் மஞ்சள் வைத்துவிட்டு நகர்வார்கள். எல்லா வீட்டுத் தானியமும் ஒரே பானையில் வெந்தால்தான் அது ஊர்க் கூழ். நானும் கேழ்வரகைப் புடைத்து, கல் பொறுக்கி, முறத்தோடு வாசலில் நின்றேன். தலைக்குக் குளித்துவிட்டு நின்றேன், யக்கா. உன் வாசலில் கூடை நின்றது, பூங்கொடி போட்டாள். அப்புறம் என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். முறைப்பு இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. கூடை வைத்திருந்தவள் போன வாரம்தான் என்னிடம் ஜாக்கெட் தைத்து வாங்கிப் போனவள். "இன்னாக்கா, வெயில்ல நின்னுக்கினு கீறீங்க, உள்ள போங்க" என்று பாசமாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பம்பைச் சத்தம் மேலத் தெருவுக்குப் போன பிறகும் முறத்தோடு நின்றுகொண்டிருந்தேன். மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் கூடை கிளம்புவதற்கு முன்னாலேயே நீ வந்துவிடுவாயே! "குடுடி, ஊருக்கு சேக்கணும், சல்தியா குடு" என்று அவசரப்படுத்தி வாங்கிக்கொண்டு போவாயே! நீ இல்லாததால் இந்த வருஷம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நினைக்கிற அளவுக்கு என்னை நீ முட்டாளாக வைத்திருந்தாய்.

நான் இந்த மலைக்கு வந்த கதை உனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, இன்னொரு தரம் கேள். இப்போது உனக்கு என்ன வேலை? ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில், மடியில் தையல் மெஷினின் தலையை வைத்துக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவர் ஜமுனாமரத்தூரில் தையல் கடை பிடித்திருந்தார், வாடகைக்கு வீடு மட்டும் இந்த ஊரில் கிடைத்தது. வளைவுக்கு வளைவு வாந்தி. இறங்கியதும் வாய் கொப்பளிக்கத் தெருக்குழாயைத் தேடினேன். நீ அங்கே குடத்தோடு நின்றிருந்தாய். ஏற இறங்கப் பார்த்தாயே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் வார்த்தை அடுத்த கோடையில் வந்தது. குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. வரிசையில் என் குடம் முன்னால் இருந்தது என்று நான் சொன்னேன். இல்லை என்று நீ சொன்னாய். பேச்சு ஏறியது. அப்போது எடுத்தாய் அந்தச் சொல்லை. "பொழைக்க வந்தவளுக்கு இத்தினி வாயா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய ஓட்டுச்சாம்!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. என் வாய் மட்டும் சும்மா இருக்குமா? "நீங்க மட்டும் இன்னா, மலையிலயே மொளச்சீங்களா? உங்க ஆளுங்களே காஞ்சிபுரத்துலேர்ந்து மலையேறி வந்தவங்கன்னு நீங்களே சொல்லிக்கிறீங்க!" என்றேன்.

நீ அடிக்க வருவாய் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். "ஆமான்டி, வந்தோம். நாங்க வந்தப்ப இங்க யாரு குந்திக்கினு இருந்தா? மொதல்ல ஏறுனவன் சீட்டு புடிப்பான். நீ வேணா நின்னுக்கினு வா" என்று சொல்லி, உன் குடத்தைக் காலால் தள்ளி என் குடத்துக்கு இடம் விட்டாய்.

நீ விளையாட்டாகச் சொன்ன அந்தப் பஸ் கதையைப் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒடுகத்தூரில் ஏறுகிறவன் வாசலில் தொங்கிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளுங்க சார், உள்ள எடம் கீது" என்பான். ஒரு வளைவு தாண்டி அவன் உட்கார்ந்துவிட்டால் போதும். அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்களைப் பார்த்து, "எடமே இல்ல, அடுத்த வண்டில வாங்க" என்று முதல் ஆளாகக் கத்துவதும் அவன்தான்.

பிறகு நாம் எப்படிச் சேர்ந்தோம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் சந்தைக்கு வந்தவள், புளி மூட்டையை என் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "பாத்துக்கினு இரு, டீ குட்ச்சிட்டு வர்றேன்" என்று போனாய். அடுத்த சந்தைக்கு மூட்டையை இறக்கிவிட்டு நீயும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாய். அதற்குப் பிறகு சந்தை நாள் என்றால் என் கடை வாசல் உன்னுடையது. வருகிறவர்களிடம் புளியும் விற்பாய், என் தையலுக்கு ஆளும் பிடிப்பாய். "இவகிட்ட குடு. கை சுத்தம், வாய்தான் நாறும்" என்று எனக்கு நீ கொடுத்த விளம்பரம் இன்னும் சந்தையில் ஓடுகிறது.

அவர் செத்துப்போன வருஷம் மெஷினை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவரை ஆலங்காயத்துக்கே எடுத்துப் போனார்கள். இங்கே எரிக்க இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. காரியம் முடிந்து என் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வந்தேன். நீ மெஷினின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எடு பாப்போம்" என்றாய். எழுந்திருக்கவே இல்லை. பெண் சிரித்துவிட்டது. அப்பா போனதிலிருந்து அது சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகத்தான் தங்கினேன், உனக்காக இல்லை. அப்படித்தான் உன்னிடம் சொல்லி வந்தேன்.

அதற்கு அடுத்த கோடையோ என்னவோ, உன் மகன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கீழே போனோம். பெரிய துணிக்கடை. நான் முன்னால் நடந்தேன். நீ பின்னால் ஒவ்வொரு புடவையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாய். கடைப் பையன் உன் கையிலிருந்து புடவையை வாங்கி மடித்து வைத்தான். "மலைக்காரங்களா? எல்லாத்தையும் கலச்சிப் போடாதீங்க. உங்களுக்கு ஏத்தது அங்க கீழ கீது, போய்ப் பாருங்க" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். நீ என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாய்.

பஸ்ஸில் நீ பேசவே இல்லை. நீ பேசாத பயணம் என் வாழ்நாளில் அது ஒன்றுதான். மலையேறிப் பாதி வழி வந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "ஏன்டி, நான் அவன இன்னா பண்ணேன்?" பதிலுக்குக் காத்திராமல், "துட்டு குடுக்கத்தானே போனேன்? அவன்கிட்ட ஓசியா கேட்டேன்?" என்றாய். இறங்கும்போது என்னைப் பார்க்காமல், "அன்னிக்கி கொழாயாண்ட உனக்கும் இப்பிடித்தான் இருந்துதா?" என்று கேட்டாய். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்த ஆடியில்தான் நீ முதல் தரம் என் வாசலுக்குக் கூடையோடு வந்தாய். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது நான்தான். நீ இருந்தால், "துணிதான் தெக்கிறன்னா எல்லாத்தயும் ஏன்டி ஒண்ணா சேத்துத் தெக்கிற" என்று திட்டியிருப்பாய். இருக்கட்டும். "குடுடி, உன் வூட்டு கேவுரும் ஊருக்கு சேரட்டும்" என்றாய். அதுவரை ஆடிக்கு ஆடி கூடை என் வாசலைத் தாண்டிப் போவதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். கூழ் யாருக்கும் ஊற்றுவார்கள், யக்கா. அதில் குறையே சொல்ல முடியாது. வழிப்போக்கனுக்கும், பஸ் டிரைவருக்கும், எனக்கும் சொம்பு நிறைய ஊற்றுவார்கள். ஆனால் என்னிடமிருந்து ஒரு பிடி வாங்க மாட்டார்கள். வந்தவளுக்குக் கொடுப்பது வேறு, வந்தவளிடம் வாங்குவது வேறு. அந்த வித்தியாசம் வாங்காமல் விடப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு முறத்தில் இல்லை, படியில் குவித்துக் கொண்டுவந்து போட்டேன். "இத்தினியா? ஒரு பிடி போதும்டி, ஊரு வயிறு வெடிச்சிடும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயிலில் பம்பை அதிர்ந்துகொண்டிருந்தபோது, நீ ஒரு தூக்கு நிறையக் கூழோடு என் வீட்டுக்கு வந்தாய். வெங்காயம், மோர் மிளகாய், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் எடுத்து வந்திருந்தாய். "கோயிலாண்ட போவலியா?" என்றேன். "அங்க இன்னா, ஒரே கூச்சலு. இங்கயே குந்திக்கினு குடிக்கலாம்" என்றாய். கூழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தேன். என் தானியமும் அதில் இருக்கிறது என்ற நினைப்பில் அதன் ருசியே வேறாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தவறவில்லை. ஆலங்காயத்திலிருந்து வந்த என் தங்கையிடம், "எங்க ஊர்ல என் வூட்டுத் தானியமும் சாமி பானையில சேரும்" என்று பெருமை அடித்திருக்கிறேன். 'எங்க ஊர்' என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

பங்குனியில் நீ படுத்தாய். எழுந்திருக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருவே அழுதது. என்னைச் சொந்தக்காரப் பெண்களோடு உட்கார வைத்தார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டில் சத்தமே இல்லை. மெஷின் ஓடும்போது பரவாயில்லை, நிறுத்தினால்தான் கஷ்டம். சுவருக்கு அந்தப் பக்கம் நீ வெற்றிலை இடிக்கிற சத்தம் கேட்காதா என்று காது தானாகப் போகிறது. பெங்களூரிலிருந்து என் பெண் தினமும் போன் பண்ணுகிறாள். "அங்க உனக்கு இனிமே யாரும்மா கீறாங்க? காலி பண்ணிட்டு வந்துடு" என்கிறாள். ஆடி முடியட்டும், ஆடி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

நீ போன பிறகு நம் பக்கத்தில் ஒரு விடுதி கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். வேலைக்கு ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதில் சபிதா என்று ஒரு பெண், கைக்குழந்தையோடு, புருஷனோடு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். குழந்தைக்குக் கவுன் தைக்கக் கொடுத்ததில் எனக்குப் பழக்கம். சைகையும் அரைத் தமிழும் சேர்த்து என்னோடு பேசுவாள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? அதே வரிசை, நூலாக வருகிற அதே தண்ணீர், அதே பிடாரி. "நேத்து வந்த வெள்ளம் நின்ன வெள்ளத்த அடிச்சிக்கினு போச்சாம்" என்கிறாள் ஒருத்தி. "எடத்த குடுத்தா மடத்த புடுங்குவாங்க" என்கிறாள் இன்னொருத்தி. என்னையும் பார்த்து, "இல்லியாக்கா?" என்று கேட்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த ஒரு சங்கதிக்கு நம் வாயில் எத்தனை பழமொழி, யக்கா! வந்தவர்களை வாங்க என்று சொல்ல இத்தனை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டுக்கு மேல் தேறவில்லை.

போன சந்தை நாளில் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று பெயர் இல்லை. 'வந்தேறிகளே, வெளியேறுங்கள்' என்று கொட்டை எழுத்து. நம் ஊர் வாயில் புழங்காத வார்த்தை அது. நாம் சொல்வதெல்லாம் பொழைக்க வந்தவன், வெளியாளு, கீழ்நாட்டான், இப்போது வடக்கன். புத்தகத்து வார்த்தையாக ஒட்டியதால் எல்லோரும் நின்று நின்று படித்தார்கள்.

இதையெல்லாம் இத்தனை வருஷம் கேட்டவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரிச் சொற்களுக்கு அகராதியில் அர்த்தம் தேடிப் பிரயோசனம் இல்லை. எப்போது வாயில் வருகிறது என்று பார்க்கவேண்டும். தீபாவளிக்கு முன்னால் ஜாக்கெட் அவசரமாக வேண்டும் என்றால் நான் அக்கா, அத்தை, சின்னம்மா. குழாயில் தண்ணீர் குறைந்தால் பொழைக்க வந்தவள். ரேஷனில் பருப்பு தீர்ந்தால் பொழைக்க வந்தவள். விடுதியில் கல் சுமக்க ஆள் வேண்டியிருந்தபோது சபிதாவின் புருஷனை யாரும் வடக்கன் என்று சொல்லவில்லை, இந்தியில் அண்ணன் முறை வைத்து, "பையா, பையா" என்றார்கள். வேலை குறைந்ததும் வடக்கன் ஆகிவிட்டான். எது குறைகிறதோ அதற்கு யாராவது பொறுப்பாக வேண்டுமே, அதற்குத்தான் அந்தச் சொல். இன்னொன்றும் பார்த்துவிட்டேன். அதைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற ஆள் உலகத்தில் இல்லை.

நேற்று பூங்கொடி பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் வைக்க வந்தாள். என்னைச் சின்னத்தை என்றுதான் கூப்பிடுவாள், அந்த முறையும் நீ வைத்தது. நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, "சின்னத்த, பஸ் ஸ்டாண்டாண்ட ஒட்டிக்கிறாங்களே, வந்தேறின்னா இன்னா?" என்று கேட்டாள்.

"வேற ஊர்லேர்ந்து பொழைக்க வந்து தங்கிட்டவங்கள அப்பிடி சொல்றாங்கடி" என்றேன்.

"ஓ, உங்கள மாதிரியா?" என்றாள்.

அவள் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. தக்காளி என்ன விலை என்று கேட்பதுபோலக் கேட்டாள். ஊசி என் விரலில் ஏறியது. ரத்தத்தை வாயில் வைத்துக்கொண்டு, அவளிடம் கேட்டேனே பார், கேட்காமல் இருந்திருக்கலாம். "ஏன் பூங்கொடி, வியாழக்கெழம என் வூட்டாண்ட கூடை நிக்கலியே, மறந்துட்டாங்களா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இன்னா சின்னத்த, உங்க வூட்டாண்ட எப்பவுமே நிக்காதே?"

"உங்க அத்த வாங்கிக்கினு போவாளே?"

அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அத்த உங்களுக்கு சொல்லவே இல்லியா?" என்றாள். நான் விடவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். சொன்னாள்.

"நான் இந்த வூட்டுக்கு வந்த மொத ஆடி அது. அத்த உங்க கேவுரையும் எடுத்துக்கினு கோயிலாண்ட போனாங்க. தலைக்கட்டுல இல்லாத வூட்டுது சாமி பானைல சேராதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அத்த நின்னு கத்துனாங்க சின்னத்த, 'அவ பொண்ணு இங்கதான பொறந்துச்சி'ன்னு. ஒண்ணும் நடக்கல. அப்பிடியே வூட்டுக்கு எடுத்தாந்துட்டாங்க. திருப்பிக் குடுத்துடுங்களேன்னு நான்தான் சொன்னேன். 'எந்த மூஞ்ச வெச்சிக்கினுடி குடுப்பேன்'னாங்க. உங்க கேவுர வூட்டு அடுப்புல தனியா ஒரு சட்டில காச்சி, தூக்குல ஊத்திக்கினு உங்ககிட்ட வந்துட்டாங்க. அதுலேர்ந்து வருசா வருசம் அதான். ஊர்க் கூழ எங்களுக்கு வாங்கியாந்து குடுப்பாங்க. அவுங்க வாயில வெக்க மாட்டாங்க."

தலைக்கட்டு என்றால் ஊர்க்கணக்கில் சேர்ந்த குடும்பம். எனக்கு இந்த மலையில் புருஷன் இருந்தான், பெண் பிறந்தாள், ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. தலைக்கட்டு மட்டும் இல்லை.

பூங்கொடி போன பிறகு எனக்கு உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷமும் உன் வீட்டு அடுப்பில் வெந்த கூழை சாமி கூழ் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேனே, அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாயே! என் தங்கையிடம் நான் அடித்த பெருமையை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாயே, அப்போது எங்கே போயிற்று உன் வாய்? தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. கூடைக்காரி அன்றைக்கு உள்ளே போகச் சொன்னது எதற்காக என்று இப்போது புரிகிறது. தலைக்குக் குளித்துவிட்டு முறத்தோடு நின்றவளைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்கும். நேற்று முழுக்க உன்னைத் திட்டினேன், யக்கா. உன் வீட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து திட்டினேன்.

திட்டி முடித்த பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. நீ மாரியம்மன் என்றால் நடுங்குகிறவள். தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டால் நீ தலை சீவ மாட்டாய், கடுகு தாளிக்க மாட்டாய், என்னையும் தாளிக்க விடமாட்டாய். ஆடியில் ஊர்ப்பானைக் கூழ் குடிக்காவிட்டால் அவள் கோபம் வீட்டின்மேல் இறங்கும் என்று உன் மகனைக் காய்ச்சலோடு எழுப்பி உட்கார வைத்துக் குடிக்க வைத்தவள். அப்படிப்பட்டவள் அந்தப் பானையை வருஷா வருஷம் விட்டுவிட்டு, என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய தானியத்தைக் குடித்திருக்கிறாய். உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருப்பாய்! வெளியே மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு எனக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாய். அதை நினைத்ததும் கோபமெல்லாம் போய் அழுகைதான் வந்தது. நீ செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

இருந்தாலும் ஒன்று ஆறவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் தாங்கமாட்டேனா? தெரிந்தே உன் சட்டிக் கூழைக் குடித்திருக்கமாட்டேனா? அந்தக் கேள்வியோடுதான் இன்று காலை எழுந்தேன். உன்மேல் இருந்த பிடிவாதத்தில் ஒரு முடிவும் எடுத்தேன். நீ செய்ததை நான் செய்யமாட்டேன், நேர்மையாகச் செய்வேன். கூடையை எடுத்துக்கொண்டு சபிதாவின் கொட்டகைக்குப் போனேன். 'இந்த ஊர்ல உன்கிட்டயும் வாங்கமாட்டாங்க, என்கிட்டயும் வாங்கமாட்டாங்க. நாம ரெண்டு பேரும் தனியா காய்ச்சிக் குடிக்கலாம்' என்று சொல்லிவிட வேண்டும். வழி நெடுக அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தகரக் கதவைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள்.

"அக்கா, ஊர் கோயில்?" என்றாள். "அன்னிக்கு வந்தாங்க. டம் டம். நானும் நின்னேன். போய்ட்டாங்க." கூடையைத் தொட்டுக் காட்டி, "எங்க அரிசி, ஊர்ல சேர்க்குமா?" என்று கேட்டாள்.

நுனி நாக்கில் வைத்திருந்த உண்மையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? "சேக்கும். ஊருக்குத்தான் வாங்க வந்தேன்" என்றேன். உள்ளே ஓடினாள். புருஷனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கத்திச் சொன்னாள். ஒரு பிடி போதும் என்று நான் சொல்லச் சொல்ல, இருந்த பாத்திரத்தில் பெரியதை எடுத்துக் குவித்துக்கொண்டு வந்து கூடையில் கொட்டினாள். நாளைக்குக் கோயிலுக்கு வரவேண்டுமா என்று கேட்டாள். "அங்க ஒரே கூச்சலு. குழந்த பயந்துக்கும். நானே எடுத்துக்கினு வர்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எனக்கே கேட்டது. நீ ஏன் சொல்லவில்லை என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன், யக்கா. நம் சண்டை அங்கேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் அரிசியை நொய்யாக உடைத்து வைத்தேன். என் கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தேன். நேரமாகிவிட்டது, உன் அளவுக்குப் புளிக்காது. கை கழுவும்போது பெண்ணிடமிருந்து போன்.

"எப்பம்மா வர்ற? ஆடி முடிஞ்சதும் வண்டி அனுப்பவா?"

"இப்ப வரலடி."

"மறுபடியுமா? அங்க உனக்கு யாரும்மா கீறாங்க?"

"ஊர்ல ரெண்டு தலைக்கட்டு கீது. வருசா வருசம் கூழ் ஊத்தணும்" என்றேன்.